பாட்டம் பிராக்கெட்டை மாற்றும் முன் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு தோட்டத்தில் இருக்கும் தம்பி கேட்டிருக்கிறார். பழையதாக வாங்கிய 26 அங்குல கியர் சைக்கிளில் செம்மண் ரோடு வழியாக டவுனுக்கு வேலைக்குப் போய் வருகிறார். மேட்டில் அழுத்தி மிதித்தால் காலடியில் ‘டக்… டக்’ என்று சத்தம். முன் பிரேக் பிடித்தால் ஹேண்டில் பக்கம் ‘கடக்’ என்று ஓர் ஆட்டம். கடையில் காட்டியதற்கு “பாட்டம் பிராக்கெட் போயிடுச்சு, மாத்தணும்” என்று சொல்லிவிட்டார்களாம். வீட்டில் அப்பாவின் கறுப்புச் சைக்கிளும் ஒன்று இருக்கிறது. அதில் மிதிகட்டை ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் நழுவுகிறது. இதையெல்லாம் வீட்டிலேயே பார்க்க முடியுமா என்பது கேள்வி.

முடியும் தம்பி. பாட்டம் பிராக்கெட் என்பது இரண்டு மிதிகட்டைகளுக்கும் நடுவில் சுற்றும் அச்சும் அதன் பேரிங்கும். அதற்கு இப்போதே காசு கொடுக்காதீர்கள். அது நிஜமாகவே போயிருக்கலாம். ஆனால் மிதிக்கும்போது வரும் ‘டக்’ சத்தத்துக்கு அதைவிட மலிவான காரணங்கள் நாலைந்து இருக்கின்றன. அவற்றைத் தள்ளிவிட்டுத்தான் அதற்கு வர வேண்டும்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். சத்தம் வேறு, ஆட்டம் வேறு. சத்தம் பெரும்பாலும் காய்ந்துபோன அல்லது லேசாகத் தளர்ந்த ஏதோ ஓர் இணைப்பிலிருந்து வரும். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாலும் பெரிய மோசம் இல்லை. ஆட்டம் அப்படியில்லை. தளர்ந்த கிராங்கையோ (மிதிகட்டை மாட்டியிருக்கும் கை) ஹேண்டிலையோ ஓட்ட ஓட்ட, சும்மா இறுக்கியிருந்தால் சரியாகியிருக்கும் பாகம் தேய்ந்து மாற்ற வேண்டியதாகிவிடும். சில நேரம் ஆளையும் கீழே தள்ளும். அதனால் உங்களுக்கு எரிச்சலைத் தருவது காலடிச் சத்தம் என்றாலும், நீங்கள் முதலில் கை வைக்க வேண்டியது ஹேண்டிலில்.

சக்கரம் தரையில் இருக்க, முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். மற்ற கையின் விரல்களை ஃபிரேமின் தலைக்குழாயும் முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கும் சேரும் இடத்தில், பாதி மேலேயும் பாதி கீழேயும் படுகிறமாதிரி வையுங்கள். அங்கே ஒன்றின்மேல் ஒன்று நகர்வது விரலுக்குத் தெரிந்தால் ஹெட்செட், அதாவது ஹேண்டில் திரும்பும் பேரிங், தளர்ந்திருக்கிறது. விரலுக்குத் தெரியாமல் காதுக்கு மட்டும் ‘கடக்’ கேட்டால் அவசரப்படாதீர்கள். ஹேண்டிலைப் பக்கவாட்டில் முழுதாகத் திருப்பி வைத்துக்கொண்டு மறுபடி ஆட்டுங்கள். பிரேக் கட்டையின் ஆட்டமும், சஸ்பென்ஷன் ஃபோர்க்கின் உள்குழாய் தேய்ந்த ஆட்டமும் சக்கரம் ஓடும் திசையில்தான் வரும், திருப்பி வைத்து ஆட்டினால் பெரும்பாலும் குறைந்துவிடும். ஹெட்செட் ஆட்டம் எந்தப் பக்கம் திருப்பினாலும் இருக்கும்.

ஹெட்செட் இரண்டு விதம். ஹேண்டிலைத் தாங்கும் ஸ்டெம், ஃபோர்க் குழாயை வெளியிலிருந்து கவ்விப் பக்கவாட்டில் இரண்டு போல்ட்டோடு இருந்தால் அது புது மாதிரி. உங்களுடையது அநேகமாக இதுதான். இதில் பலரும் செய்வது, உச்சியில் தெரியும் மூடியின் போல்ட்டைப் பிடித்து முறுக்குவது. பக்கவாட்டு போல்ட்டுகள் இறுகியிருக்கும்போது மேல் போல்ட்டை எவ்வளவு முறுக்கினாலும் பயன் இல்லை, மரைதான் போகும். பக்கவாட்டு இரண்டையும் முதலில் தளர்த்துங்கள். பிறகு மேல் போல்ட்டைக் கால் சுற்று, மறுபடி கால் சுற்று என்று இறுக்கி, ஒவ்வொரு தடவையும் பிரேக் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் நின்ற இடத்தில் நிறுத்துங்கள். ஹேண்டிலைச் சக்கரத்துக்கு நேராக வைத்துப் பக்கவாட்டுப் போல்ட்டுகளை மாறி மாறி இறுக்குங்கள். பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர்தான் அதற்கு வேண்டிய முறுக்கு. சின்ன அலன் கீயை மணிக்கட்டால் திருப்பும் பலம் போதும், குழாய் மாட்டித் திருப்ப வேண்டாம்.

பழைய மாதிரியில், அப்பாவின் சைக்கிளில் இருப்பதுபோல, தலைக்குழாயின் மேல் இரண்டு தட்டையான பெரிய நட்டுகள் இருக்கும். மேல் நட்டைத் தளர்த்தி, கீழே உள்ள கப்பைக் கையால் ஆட்டம் போகும்வரை திருகி, அதை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு மேல் நட்டை இறுக்க வேண்டும். இரண்டு ஸ்பேனர் இல்லாமல் செய்தால் மேல் நட்டு இறுகும்போது கப்பும் சேர்ந்து சுற்றி, ஹேண்டில் கல் மாதிரி ஆகிவிடும்.

இறுக்கிய பிறகு முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாக இடமும் வலமும் விடுங்கள். தன் பாரத்தில் வழுக்கிக்கொண்டு விழ வேண்டும். நேராக வரும்போது ஒரு பள்ளத்தில் உட்கார்வதுபோல் நின்றால் பேரிங் கப்பில் குண்டுகள் குழி போட்டுவிட்டன. அதை இறுக்கிச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

சரி, இப்போது சத்தத்துக்கு வருவோம். சைக்கிளில் காதை நம்பக் கூடாது. ஃபிரேம் வெறும் குழாய், எங்கே தட்டினாலும் எங்கேயோ கேட்கும். சீட் குழாயில் வரும் கிறீச் காலடியில் கேட்கும், ஹேண்டிலில் வருவது பாட்டம் பிராக்கெட்டில் கேட்கும். 1941 டிசம்பரில் வடக்கே இறங்கிய ஜப்பானியப் படை சைக்கிளில்தான் பேராக் வழியாக இறங்கியது. டயர் வெடித்த பிறகு வெறும் ரிம்மிலேயே தார் ரோட்டில் ஓட்டி வந்த இரைச்சலை, இருட்டில் எதிர்ப்பக்கம் இருந்தவர்கள் டாங்கி என்று நினைத்துப் பின்வாங்கினார்கள் என்று சொல்வார்கள். பட்டாளத்துக்கே காது ஏமாந்தால் கடைக்காரருக்கு ஏமாறாதா!

காதுக்குப் பதில் கணக்கை நம்புங்கள். சத்தம் எதனோடு சேர்ந்து திரும்பி வருகிறது என்று பார்க்க வேண்டும். இதற்குச் செம்மண் ரோடு உதவாது, கல்லும் குழியும் எல்லாச் சத்தத்தையும் கலந்துவிடும். செம்பனை லோரிகள் ஓடாத நேரமாகப் பார்த்து ஒரு தார் ரோட்டுக்குப் போங்கள். மிதித்து வேகம் எடுத்தபின் காலை நிறுத்திச் சும்மா உருளவிடுங்கள். சத்தம் நின்றால் அது மிதிகட்டை, கிராங்க், பாட்டம் பிராக்கெட், செயின் பக்கம். நிற்காமல் வந்தால் சக்கரம், பிரேக், மட்கார்டு பக்கம். அடுத்து எழுந்து நின்று மிதியுங்கள். உட்கார்ந்தால் வந்து, நின்றால் போகும் சத்தம் சீட்டுடையது. நின்று மிதிக்கும்போது மட்டும் வந்தால் ஹேண்டிலையும் ஸ்டெம்மையும் சந்தேகப்படுங்கள்.

மிதிக்கும்போது வரும் சத்தத்திலும் தாளம் உண்டு. ஒரு சுற்றுக்கு ஒரு தடவை, அதுவும் எப்போதும் ஒரே கால் கீழே போகும்போது என்றால் அந்தப் பக்கத்து மிதிகட்டை அல்லது கிராங்க். இரண்டரைச் சுற்றுக்கு ஒரு தடவைபோல் வந்தால் அது செயினில் ஏதோ ஒரு கண்ணி. ஏனென்றால் 112 கண்ணியுள்ள செயின் 44 பல் சக்கரத்தில் ஒரு முழுச் சுற்று வர, கிராங்க் ஏறத்தாழ இரண்டரைத் தடவை சுற்ற வேண்டும். கிராங்கைக் கையால் பின்னோக்கிச் சுற்றினால், இறுகிப்போன கண்ணி பின்னால் கியர் மாற்றும் டீரெய்லரின் சின்னச் சக்கரத்தைத் தாண்டும்போது ஒரு துள்ளு துள்ளும். அந்தக் கண்ணியை இரண்டு கையாலும் பக்கவாட்டில் லேசாக வளைத்து ஆட்டி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும்.

உங்கள் சத்தம் மேட்டில் மிதிக்கும்போது மட்டும் வருகிறது என்பதால் முதலில் மிதிகட்டை. இரண்டையும் கழற்றி, மரையைத் துடைத்து, கிரீஸ் தடவி, மறுபடி இறுக்கிப் பாருங்கள். எத்தனையோ ‘பாட்டம் பிராக்கெட்’ சத்தங்கள் இங்கேயே செத்துப்போகும். 15 மி.மீ. ஸ்பேனர் வேண்டும், சிலவற்றில் உட்பக்கம் அலன் கீ போடும் துளை இருக்கும். கவனிக்க வேண்டியது ஒன்று. வலது கட்டை சாதாரண மரை, இடது கட்டை தலைகீழ் மரை. இடம் வலம் என்று குழம்பாமல் இருக்க ஒரு வழி சொல்கிறேன். ஸ்பேனரின் கைப்பிடியை மேல்நோக்கி மாட்டுங்கள். எந்தப் பக்கமானாலும் முன்சக்கரத்தை நோக்கித் தள்ளினால் இறுகும், பின்சக்கரத்தை நோக்கி இழுத்தால் கழலும். பேரிங் சுழலும் விதத்தால் சாதாரண மரை போட்ட இடது கட்டை தானாகவே கழன்று விழும், அதனால்தான் இந்த ஏற்பாடு. விமானம் செய்வதற்கு முன் சைக்கிள் கடை வைத்திருந்த ரைட் சகோதரர்கள், 1900-இல் ‘கழலாத மிதிகட்டை’ என்று சொல்லி விற்றது இந்த மாதிரிக் கட்டையைத்தான். முதல் இரண்டு சுற்றை எப்போதும் விரலால் திருகுங்கள். ஸ்பேனரோடு ஆரம்பித்துக் குறுக்கே ஏற்றிவிட்டால் அலுமினியக் கிராங்கின் மரை போய்விடும்.

கட்டையைக் கழற்றி வைத்திருக்கும்போதே அதன் அச்சை விரலால் சுற்றிப் பாருங்கள். மணல் அரைப்பதுபோல் இருந்தாலோ மேலும் கீழும் ஆடினாலோ கட்டைக்கு உள்ளேயே பிரச்சினை. பிளாஸ்டிக் கட்டையாக இருந்தால் பிரித்துப் பார்க்கும் நேரத்துக்குப் புது ஜோடி வாங்கிவிடலாம்.

கட்டையில் ஒன்றும் இல்லையென்றால் கிராங்க். ஒரு கிராங்கைப் பிடித்து ஃபிரேமை நோக்கியும் வெளியேயும் ஆட்டுங்கள், மிதிக்கும் திசையில் அல்ல. பிடித்த கிராங்க் மட்டும் ஆடினால் அது அச்சில் தளர்ந்திருக்கிறது. இரண்டு கிராங்கும் சேர்ந்து ஆடினால்தான் ஆட்டம் உள்ளே பேரிங்கில், அதாவது கடைக்காரர் சொன்ன பாட்டம் பிராக்கெட்டில். இந்த ஒரு சோதனைக்குக் கருவியே வேண்டாம், அரை நிமிஷ வேலை. இதைச் செய்யாமல் மாற்றச் சொன்னால் எனக்கு நம்பிக்கை வராது.

தளர்வது பெரும்பாலும் இடது கிராங்க்தான். நடுவில் உள்ள மூடியை எடுத்தால் 14 மி.மீ. சாக்கெட்டோ 8 மி.மீ. அலன் கீயோ போடும் போல்ட்டு தெரியும். பக்கத்து மோட்டார் பட்டறையில் 14 சாக்கெட்டை ஐந்து நிமிஷம் கேட்டால் தருவார்கள். சதுர அச்சு உள்ள கிராங்குக்கு 40 நியூட்டன் மீட்டர் அளவில் முறுக்கு வேண்டும். கால் மீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் 16 கிலோ அழுத்துவது என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 கிலோ அரிசி மூட்டையைத் தொங்கவிட்டாலும் போதாது. ஹெட்செட்டில் மெதுவாக என்றேன், இங்கே நன்றாகவே இறுக்கலாம். இறுக்கிய பிறகு இரண்டு நாள் ஓட்டி மறுபடி பாருங்கள். மறுபடி தளர்ந்திருந்தால் கிராங்கின் சதுரத் துளை உருண்டு விரிந்துவிட்டது என்று அர்த்தம். தளர்ந்ததை ஓட்டியதன் விலை அது. எவ்வளவு முறுக்கினாலும் நிற்காது, இடது கிராங்கை மட்டும் மாற்ற வேண்டியதுதான். அச்சும் தேயாமல் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

இரண்டு கிராங்கும் சேர்ந்து ஆடுகிறதா? அப்போது கடைக்காரர் சொன்னது சரி. அடைத்து வரும் கார்ட்ரிட்ஜ் வகை என்றால் உள்ளே சரிசெய்ய ஒன்றும் இல்லை, புதுசு போட வேண்டும். அதற்குக் கிராங்கை இழுக்கும் புல்லரும் பல் வைத்த தனிச் சாக்கெட்டும் வேண்டும். ஒரே ஒரு தடவைக்காக இவற்றை வாங்குவதைவிடக் கடையிலேயே கொடுத்துவிடலாம். நீங்களே செய்வதானால், செயின் பக்கத்துக் கப்பு பெரும்பாலும் தலைகீழ் மரை என்பதை மறக்க வேண்டாம்.

சக்கரத்துக்கு ஒரே சோதனைதான். ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள், பிறகு சக்கரத்தைக் கால் சுற்று திருப்பி மறுபடி ஆட்டுங்கள். எங்கே பிடித்தாலும் ‘லொட’ என்று ஆட்டம் இருந்தால் ஹப்பின் (சக்கரத்தின் நடுப்பாகம்) கோன், அதாவது பேரிங் குண்டுகளை அழுத்திப் பிடிக்கும் கூம்பு நட்டு, தளர்ந்திருக்கிறது. 13 அல்லது 15 மி.மீ. கோன் ஸ்பேனர், தடிமன் குறைந்தது, வேண்டும். கோனைப் பிடித்துக்கொண்டு வெளி நட்டைத் தளர்த்தி, கோனை எட்டில் ஒரு பங்கு சுற்று உள்ளே கொடுத்து, மறுபடி பூட்டுங்கள். பின்சக்கரத்தில் இடது பக்கத்தில் மட்டும் இதைச் செய்யலாம், வலது பக்கம், பின் பற்சக்கரங்கள் உள்ள ஃப்ரீவீலுக்குள் மறைந்திருக்கும். லீவரால் பூட்டும் குயிக் ரிலீஸ் அச்சானால் சக்கரம் வெளியே இருக்கும்போது மிகக் கொஞ்சம் ஆட்டம் மிச்சம் வையுங்கள். லீவரை மூடும்போது அச்சு அமுங்கி அந்த ஆட்டம் போய்விடும். நட்டு வைத்த அச்சில் இந்தச் சலுகை கிடையாது. ஃப்ரீவீல் சுற்றும்போது லேசாகக் கோணி ஓடினால் கண்டுகொள்ளாதீர்கள், மலிவு ஃப்ரீவீல்கள் அப்படித்தான்.

சக்கரம் சுற்றும் தாளத்தில் ‘டிக்… டிக்’ என்றால் கம்பிகள். பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து அமுக்கிக்கொண்டே சுற்றி வாருங்கள். தொளதொளவென்று இருப்பது கைக்குத் தெரியும். தளர்ந்த ஒன்றைக் கால் சுற்று இறுக்குவது சரி. அடுத்தடுத்து நாலு கம்பி தளர்ந்திருந்தால் சக்கரம் நேர்பார்க்கத் தெரிந்தவரிடம் போங்கள். எல்லாம் இறுக்கமாக இருந்தும் சத்தம் வந்தால் கம்பிகள் குறுக்கே உரசும் இடங்களில் ஒரு சொட்டு எண்ணெய், பெரும்பாலும் அதோடு நின்றுவிடும்.

சீட் குழாயை வெளியே எடுத்து, உள்ளே வெளியே துடைத்து, மெல்லியதாகக் கிரீஸ் தடவிப் போடுங்கள். குழாயில் உள்ள குறைந்தபட்சக் கோடு ஃபிரேமுக்குள் மறைந்திருக்க வேண்டும். சீட்டின் கீழே கம்பிகளைக் கவ்வும் இடத்திலும் அதே வேலை. மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, கூடை இவற்றின் லொடலொட எல்லாம் 5 மி.மீ. போல்ட்டுகள்தான். நைலான் வளையம் வைத்த நட்டு போட்டுவிட்டால் செம்மண் ரோட்டின் அதிர்வுக்கும் கழலாது.

செயின் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நம் பக்கத்தில் ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பரிலும் சாயங்கால மழை கொட்டும். நனைந்த செயின் மறுநாள் கீச்சிடும். அப்போது கைக்குக் கிடைப்பதைத் தெளிப்பதுதான் வழக்கம். டபிள்யூடி-40 நீரை விரட்டும், துருவை இளக்கும். ஆனால் அந்தச் சாதாரண டப்பா செயினுக்கான எண்ணெய் அல்ல, சீக்கிரமே காய்ந்து மறுபடி கீச்சிடும். சமையல் எண்ணெய் வேண்டவே வேண்டாம். சுற்றிலும் செம்பனைதான், வீட்டில் எண்ணெய்க்குப் பஞ்சமில்லை. ஆனால் அது காற்றுப் பட்டுப் பிசினாகி, செம்மண்ணைச் சேர்த்துக்கொண்டு செயினை அரைக்கும். தையல் மெஷின் எண்ணெய் கோடைக்குச் சரி, மழையில் நிற்காது. சைக்கிள் செயின் எண்ணெய் கிடைக்காவிட்டால் மோட்டார் இன்ஜின் எண்ணெயே பரவாயில்லை. மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு விட்டு, கொஞ்ச நேரம் கழித்து வெளியே இருப்பதை முழுதும் துடைத்துவிடுங்கள். எண்ணெய் உள்ளே இருந்தால் போதும், வெளியே மினுமினுத்தால் அது தூசிக்கு வைத்த அழைப்பு.

தேய்மானம் பார்க்க அங்குல ரூலர் போதும். ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வைத்தால், 24 கண்ணி தள்ளி உள்ள பின் சரியாக 12 அங்குலத்தில் இருக்க வேண்டும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் தாண்டியிருந்தால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒரு பங்கு தாண்டும்வரை விட்டால் பின் பற்சக்கரமும் தேய்ந்திருக்கும், புதுச் செயின் அதில் வழுக்கும். மோட்டார் கழுவும் இடத்தில் கொடுத்துத் தண்ணீர் பீய்ச்சி அடிப்பதையும் நிறுத்துங்கள். அழுக்கோடு ஹப்பிலும் ஹெட்செட்டிலும் உள்ள கிரீஸும் போய், தண்ணீர் உள்ளே தங்கிவிடும்.

பிரேக் அலறுவது தனி. ரப்பர் கட்டை என்றால் அதன் முன்முனை பின்முனையைவிட ஒரு மி.மீ. முன்னதாக ரிம்மைத் தொடுமாறு லேசாகச் சாய்த்து வையுங்கள். டிஸ்க் என்றால் பெரும்பாலும் எண்ணெய் பட்டிருக்கும். ஸ்ப்ரே அடிக்கும்போது தட்டை மூடிக்கொள்ளுங்கள். பட்டுவிட்டால் ஐசோபுரொப்பில் ஆல்கஹாலால் தட்டைத் துடைக்கலாம், எண்ணெய் குடித்த பேடு தேறுவது அபூர்வம்.

அப்பாவின் சைக்கிளில் நழுவுவது காட்டர் பின். கிராங்கையும் அச்சையும் சேர்க்கும் ஆப்புப் பின் அது. நட்டை இறுக்கினால் சரியாகும் என்று எல்லோரும் நட்டை முறுக்கி மரையைக் கெடுப்பார்கள். நட்டு பின்னை இழுப்பதற்கு அல்ல, விழாமல் பிடிப்பதற்குத்தான். கிராங்கின் அடியில் ஓர் இரும்புக் குழாயைத் தரையில் ஊன்றி நிறுத்தி, நட்டுப் பக்கம் அந்தக் குழாயின் வாய்க்குள் இருக்கும்படி வைத்து, பின்னின் பருத்த தலையில் சுத்தியலால் நன்றாக இரண்டு மூன்று போடு போடுங்கள். பிறகு நட்டை இறுக்குங்கள். குழாய் முட்டு இல்லாமல் அடித்தால் அடி முழுதும் பேரிங்கில் இறங்கும். பின்னின் தட்டைப் பக்கம் வரி விழுந்து நசுங்கியிருந்தால் புதுப் பின் வேண்டும். அளவுகள் ஒன்றுக்கு மேல் உண்டு, பழையதைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். இரண்டையும் மாற்றினால் வலது கிராங்கை மேலே நிறுத்தும்போது நட்டு எந்தப் பக்கம் இருக்கிறதோ, இடது கிராங்கை மேலே நிறுத்தும்போதும் அதே பக்கம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு கிராங்கும் ஒரே கோட்டில் நிற்காது.

இவ்வளவும் பார்த்து, ஆட்டம் எங்கேயும் இல்லாமல் சத்தம் மட்டும் விடாமல் வந்தால், ஃபிரேமைத் துடைத்துவிட்டுத் தலைக்குழாயின் அடிப்பக்க வெல்டிங், பாட்டம் பிராக்கெட்டைச் சுற்றி, பின் அச்சுப் பிடிக்கும் இடம், ஃபோர்க்கின் கழுத்து ஆகியவற்றை டார்ச் அடித்துப் பாருங்கள். பெயிண்டில் மயிரிழைக் கோடு, அதில் துரு கசிந்த தடம் தெரிந்தால் அந்தச் சைக்கிளில் டவுனுக்குப் போகாதீர்கள். ஃபிரேம் இரும்பாக இருந்தால் வெல்டிங் பட்டறைக்காரர் ஒட்டித் தருவார். ஃபோர்க்கில் விரிசல் என்றால் ஒட்டவே வேண்டாம், வேறு ஃபோர்க் போடுங்கள்.